கருவி கேட்கும் கூலி

"கோடிங் கத்துக்கோங்க மேடம், எல்லாம் சரியாயிடும்." அனிமேஷன் வேலை செய்யும் பெண் யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வருஷத்தைக் கடந்துவிட முடியாது. சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. அதனால்தான் அதற்குப் பதில் சொல்வது இத்தனை கஷ்டமாக இருக்கிறது. "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று வீட்டில் சொல்வார்களே, அந்த ரகம். மறுத்தால் சோம்பேறி, அல்லது பயந்தவள். ஏற்றுக்கொண்டால், இதுவரை செய்ததெல்லாம் அரைகுறை வேலை என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது.

நான் வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில். நடுவே அரை மணி நேர பஸ். ஒரு ஊர் ஆண்டாளுக்கும் பால்கோவாவுக்கும் பேர் போனது. மற்றொன்று நூற்பாலைகளுக்கும் நாய்களுக்கும். அனிமேஷனுக்கு யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. ஆனாலும் மூன்று பெண்கள் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, வெளியூர் நிறுவனம் ஒன்றுக்காகக் குழந்தைப் பாட்டுகளுக்குப் படம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். காக்கா பறக்கும், யானை ஆடும், நிலா சிரிக்கும். எங்களில் மூத்தவர் (நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்) சிவகாசி அச்சகங்களுக்குப் பட்டாசு லேபிள் வரைந்தவர். அவர் வரையும் காக்கா பறக்கும் முன் ஒரு கணம் உடம்பைத் தாழ்த்தும். எந்தப் புத்தகமும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்த பெண்ணுக்குக் காக்காவைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது!

சில வருஷங்களுக்கு முன் நிறுவனம் வேலைமுறையை மாற்றியது. பாத்திரங்கள் எலும்புக்கூடு மாட்டப்பட்டு வரும். கண் இமைக்க, வாய் திறக்க, இறகு விரிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிறு ஸ்கிரிப்ட். முடித்த காட்சிகளை வெளியே எடுப்பதற்கும் ஸ்கிரிப்ட். மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட ஒரு நாளில் அந்த ஸ்கிரிப்ட் நின்றுபோனது, எங்கள் வேலையும் நின்றுபோனது. சரிசெய்வது உங்கள் பொறுப்பு என்றார்கள். கூடவே புதிய கூலிப் பட்டியலும் வந்தது. 'ஆர்ட்' ஒரு விலை, 'டெக்னிக்கல்' அதற்கு இரண்டு மடங்கு. காக்காவின் தாழ்ந்த உடம்பு முதல் பிரிவில் சேர்ந்தது.

நான் இங்கே கேட்க விரும்பும் கேள்வி கூலியிலிருந்து தொடங்கினாலும் கூலியோடு முடிவதில்லை. ஒரு கருவி தன்னைக் கையில் எடுப்பவரிடம் எவ்வளவு கேட்கலாம்? எங்கே அது நியாயமான கேள்வியாக இருப்பது நின்று, வாசலை மறிக்கும் காவலாகிறது?

கலை என்றாலே கஷ்டம்தான், எந்தக் கருவி சும்மா கொடுத்தது என்பார்கள். உண்மைதான். வீணைத் தந்தி விரலை அறுக்கிறது. தையல் மிஷினைப் பழகிய பெண்ணின் விரலில் ஊசி ஏறாமல் இருந்ததில்லை. ஆனால் தந்தி கொடுத்த வலி ஒலியாகத் திரும்பி வருகிறது. எவ்வளவு அழுத்தினால் சுரம் எங்கே வளையும் என்று அந்த வலியே சொல்லிக்கொடுக்கிறது. கலையிலேயே இருக்கும் கஷ்டம் அது. இன்னொரு வகைக் கஷ்டம் கருவியைச் செய்தவரின் வசதிக்காக நம் தலையில் இறக்கப்படுவது. அது எதுவும் கற்பிப்பதில்லை, வழி மட்டும் விடும்.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். எங்கள் தலைமுறையில் பலர் கம்ப்யூட்டர் சென்டரில் ஃப்ளாஷ் வழியாகத்தான் அனிமேஷனுக்கு வந்தோம். 1996இல் வேறொரு பெயரில் பிறந்து, மேக்ரோமீடியாவிடம் போய், 2005இல் அந்த நிறுவனத்தோடு சேர்த்து அடோபியால் வாங்கப்பட்ட மென்பொருள். அதில் ஒரு பொத்தானை வரைந்து, அதன் மேலேயே இரண்டு வரி எழுதினால் போதும், அழுத்தினால் படம் ஓடும். 2007இல் வந்த பதிப்பு ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற புதிய மொழியைக் கொண்டுவந்தது. அந்த மொழியில் வேலை செய்தால் பொத்தானின் மேல் எழுத முடியாது. பொத்தானுக்குப் பெயர் வைத்து, வேறு இடத்தில் உட்கார்ந்து, அது அழுத்தப்படுகிறதா என்று காத்திருக்கச் சொல்லும் வரிகளை எழுத வேண்டும். நிரல் எழுதுவோருக்கு இது பெரிய முன்னேற்றம். எல்லாம் ஒரே இடத்தில், ஒழுங்காக, வேகமாக. வரைவோருக்கோ உருவமும் அதன் குணமும் பிரிந்துபோயின. ஒரே மாற்றம், ஒருவருக்கு வீடு சுத்தமானது, இன்னொருவருக்குச் சமையலறை மாடிக்குப் போனது. பழகியவர்களும் பிழைக்கவில்லை. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவே முடிந்துபோனது.

அதற்குப் பின் வந்தவையும் இதே வழிதான். மாயாவில் மெல், பைத்தான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஜாவாஸ்கிரிப்டை ஒட்டிய எக்ஸ்பிரஷன்கள். பிளெண்டரில் பைத்தான். பிளெண்டர் 2019இல் 2.80ஆம் பதிப்புக்கு மாறியபோது பழைய ஸ்கிரிப்டுகள் பலவும் மாற்றி எழுதாமல் ஓடவில்லை. டிஸ்னியின் பழைய கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட புத்தகத்தில் தொகுத்த அனிமேஷனின் 12 விதிகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பந்து தரையில் பட்டால் நசுங்க வேண்டும், பாய்வதற்கு முன் பதுங்க வேண்டும். அந்த விதிகள் எந்த அப்டேட்டிலும் காலாவதி ஆகவில்லை. அக்காவின் காக்கா இன்றும் பறக்கும். நான் 2008இல் கற்றுக்கொண்ட வரிகளை இன்று படிக்கவே ஒரு இயந்திரம் இல்லை.

பைத்தானில் ஒரு சங்கதி உண்டு. வரியின் தொடக்கத்தில் எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதுகூட அங்கே இலக்கணம். டேப் விசையால் விட்ட இடமும் ஸ்பேஸ் விசையால் விட்ட இடமும் கலந்துபோனால் ஓடாது, பிழை என்று சொல்லும். திரையில் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைதான். அன்றைக்கு அக்கா அரை நாள் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் தடிமனில் ஒரு மயிரிழை கூடினாலும் கண்டுபிடிக்கும் கண் அது. அந்தக் கண்ணால் பார்க்கவே முடியாத இடத்தில் தப்பை ஒளித்து வைத்திருக்கிறது கருவி. "என் கண்ணையே செல்லாக்காசு ஆக்கிருச்சுடி இது" என்றார். எரிச்சல் என்று இதைச் சொல்வது குறைவு. இருபது வருஷம் பழகிய புலன் ஒன்றுக்கு இங்கே வேலை இல்லை என்று அறிவிக்கப்படும்போது வருவதற்குப் பெயர் அவமானம்.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கத்திலும் நான் இருந்திருக்கிறேன். ஒரு புளியமரம் வரைந்தோம், நூற்றுக்கணக்கான இலைகள். ஒவ்வொன்றையும் கையால் அசைத்தால் ஒரு வாரம் ஆகும். ஒரே ஒரு வரி எழுதினேன். ஒவ்வொரு இலையும் தன் இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் தாமதித்து அசையச் சொல்லும் வரி. ஓட்டியதும் மரத்துக்குள் காற்று நுழைந்தது. அந்தச் சந்தோஷம் வரைந்து முடித்த சந்தோஷத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை. ஆகவே 'வரைவது கலை, ஸ்கிரிப்ட் எழுதுவது கலையில்லாத எதுவோ' என்று என்னால் சொல்ல முடியாது. 'கலைஞருக்கு எதற்கு நிரல்?' என்று எங்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்களிடம் எனக்கு இன்னும் எச்சரிக்கை கூடுகிறது. பெண்ணுக்கு எதற்குக் கணக்கு என்ற பழைய பாட்டுக்கு அது புது மெட்டு.

இந்த இடத்தில் வழக்கமாக ஒருவர் கோலத்தை எடுத்து நீட்டுவார். மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்புதான். '15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி' என்று கோல நோட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். நடு வரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்து, ஒவ்வொரு வரிசையின் புள்ளியும் முந்தைய வரிசையின் இடைவெளியில் விழட்டும். மொத்தம் 15 வரிசைகள், 169 புள்ளிகள். இரண்டு எண்ணும் ஒரு சொல்லும் ஒரு வாசலை நிரப்பிவிடுகின்றன. இதை ஸ்கிரிப்ட் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? சும்மா ஒப்புமைக்குச் சொல்லவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் கோலங்களை உருவாக்கும் இலக்கண விதிகளைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள், கணினி வரைகலைக்கான ஓர் ஆய்விதழில். மூவரில் இருவர் பெண்கள். வாசலில் வளர்ந்த அறிவு கணினி அறிவியலின் ஒரு கிளைக்குள் போய்ச் சேர்ந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் கோலம் போடத் தெரிந்ததற்காக எங்களில் யாருக்கும் 'டெக்னிக்கல்' கூலி கிடைக்கவில்லை. 'நீங்கல்லாம் பிறவியிலேயே புரோகிராமர்ங்க' என்ற பாராட்டு இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு, விடியுமுன் எழுந்து குனிந்து போட்டே ஆகவேண்டிய கோலத்தை வெறும் கணிதக் கொண்டாட்டமாக மாற்றுவதும் எனக்கு ஒப்பவில்லை. என் அம்மாவுக்கு அது இடுப்பு வலி. எந்தத் தெருவில் யார் வாசலில் யார் கோலம் போடலாம் என்பதற்கு ஊரில் வேறொரு கணக்கும் இருந்தது. அதை எந்த இலக்கணமும் எழுதி வைக்கவில்லை.

கோலத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. ஒரே விதிமுறை அறிவு வாசலில் இருந்தால் கைப்பழக்கம் என்றும், ஆய்விதழில் இருந்தால் அறிவியல் என்றும் பெயர் பெறுகிறது. மாற்றம் அறிவில் நடக்கவில்லை, அது நிற்கும் இடத்தில் நடக்கிறது. இந்தத் துறையின் சரித்திரமே அப்படித்தான். 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியை நிரல்படுத்தியவர்கள் ஆறு பெண்கள். அப்போது இயந்திரத்தைக் கட்டுவதுதான் மூளை வேலை. அதற்குக் கட்டளைகளை ஒழுங்குசெய்வது குமாஸ்தா வேலை போலக் கருதப்பட்டது, அதனால் பெண்களிடம் போனது. பின்னாளில் நிரலுக்கு மதிப்பும் பணமும் வந்தபோது அது ஆண்களின் வேலையானது, பெண்களின் பெயர்கள் பல பத்தாண்டுகள் பேசப்படாமல் கிடந்தன.

அனிமேஷனில் இதே கதை தலைகீழாக. 1937இல் வெளிவந்த டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படத்தில் ஒவ்வொரு சட்டகத்தையும் செல்லுலாய்டு தாளில் மையால் பிரதியெடுத்து வண்ணம் பூசியவர்கள் ஒரு பெரிய கூட்டம் பெண்கள். அடுத்த ஆண்டு வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு அந்த நிறுவனம் அனுப்பிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. படைப்பு சார்ந்த வேலையைப் பெண்கள் செய்வதில்லை, அது இளைஞர்களுக்கானது, மை தீட்டுவதும் வண்ணம் பூசுவதும்தான் பெண்களுக்கு என்பது அதன் சாரம். அங்கே கையின் துல்லியம் வெறும் 'டெக்னிக்', படைப்பு உயர்ந்தது. எங்கள் மாடி அறையில் படைப்பு வெறும் 'ஆர்ட்', டெக்னிக் உயர்ந்தது. கோடு எங்கே வேண்டுமானாலும் விழட்டும், பெண் நிற்கும் பக்கத்துக்குத்தான் கூலி குறைவு. பிரச்சினை ஸ்கிரிப்ட்தான் என்றால் இந்தத் தலைகீழ்மாற்றத்துக்கு விளக்கம் கிடைக்காது.

சரி, கற்றுக்கொண்டால்தான் என்ன என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. கற்றுக்கொள்ள நேரம் வேண்டும். அதுவும் அறுபடாத நேரம். வரைவதைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்பை அணைத்து வந்து தொடர முடியும், கோடு அங்கேயே காத்திருக்கும். ஒரு ஸ்கிரிப்டின் பிழையைத் தேடும்போது தலைக்குள் ஏழெட்டு விஷயங்களை ஒரே சமயத்தில் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். "அம்மா, சாப்பாடு" என்ற ஒரு குரலில் அத்தனையும் சிதறும். இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வீட்டாருக்கான ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடங்கள், ஆண் 97. இடையில் உள்ள 202 நிமிடங்களில் ஒரு ஆள் எத்தனை மொழி கற்கலாம்! 'நெட்ல எல்லாம் ஃப்ரீயா கிடைக்குது மேடம்' என்கிறார்கள். பாடம் இலவசமாக இருக்கலாம். படிக்கும் பொழுது இலவசமில்லை, அதை நாங்கள் தூக்கத்திலிருந்து எடுக்கிறோம். பாடம் ஆங்கிலத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்வழியில் படித்த அக்கா முதலில் பிழைச் செய்தியை மொழிபெயர்க்கிறார், பிறகு பிழையைத் தேடுகிறார். தமிழில் எழுதக்கூடிய 'எழில்' என்ற நிரல்மொழி இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் நாங்கள் சோறு தின்னும் மென்பொருள்களுக்குள் அதற்கு இடமில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். பெரிய ஸ்டுடியோக்களில் எல்லா அனிமேட்டரையும் ஸ்கிரிப்ட் எழுதச் சொல்வதில்லை. எலும்புக்கூடு மாட்டுவதற்கும் கருவிகள் எழுதுவதற்கும் தனியாக டெக்னிக்கல் டைரக்டர்கள் என்று சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். நடிப்பைக் கொண்டுவருவது ஒருவர் வேலை, கருவியைக் கூராக வைத்திருப்பது இன்னொருவர் வேலை. 'நீயே கற்றுக்கொள்' என்ற உபதேசம் ஸ்டுடியோ இல்லாதவர்களுக்கு மட்டும்தான். மாடி அறையில், தாலுகா ஊரில், துண்டு துண்டாகக் கூலி வாங்குகிறவர்களுக்கு. ஒரு நிறுவனம் சம்பளம் கொடுத்துச் செய்யவேண்டிய வேலையைச் சுயமுன்னேற்றம் என்று பெயர் மாற்றி எங்கள் ராத்திரிக்குள் தள்ளிவிட்டது.

மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். உளி மழுங்கிக்கொண்டே இருக்கும். அதே கொட்டகையில், ஒரு ஓரத்தில், உலை வைத்து உளியைக் காய்ச்சி அடித்துக் கொடுக்கும் இடம் இருக்கிறது. சிற்பி எழுந்து போய்க் கொடுத்தால், எந்தக் கல்லுக்கு எந்த முனை என்று கேட்டு அடித்துத் தருவார்கள். உளி காய்ச்சத் தெரிந்த சிற்பியும் உண்டு, தெரியாவிட்டால் அவர் சிற்பி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. முக்கியம், இரண்டு பேரும் ஒரே நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல் உடைந்தால் உலைக்காரருக்கும் தெரியும். எங்கள் ஸ்கிரிப்டை எழுதியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் காக்கா நின்றுபோனது அவருக்கும் தெரியாது.

பிளெண்டர் மேல் எனக்குக் கோபம் குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 2002இல் பயனர்கள் உள்ளிட்ட பலர் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் மூலநிரலை விடுவித்தார்கள். கதவு கனமானதுதான், ஆனால் உள்ளே போனவர் கதவையே மாற்றி வைக்கலாம். ஒரு சிறு குழு அதைக் கொண்டு செய்த ஃப்ளோ என்ற படம் 2025இல் ஆஸ்கர் வாங்கியது. பூட்டிய மென்பொருளில் ஸ்கிரிப்ட் கற்பது வேறு விஷயம். வாடகை வீட்டுக்கு நம் செலவில் வெள்ளையடிப்பது அது. கற்பதற்குக் கருவி திருப்பித் தருவது என்ன என்று பார்த்தால், இந்த இரண்டும் ஒரே கஷ்டம் இல்லை. எங்கள் நிறுவனம் கொடுப்பது பிளெண்டர் கோப்புகள்தான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் திறந்திருக்கிறது, கூலிப் பட்டியல் பூட்டியிருக்கிறது.

இப்போது எங்கள் அறையில் நடப்பது இது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் மூவரும் ஒரே திரையின் முன் உட்காருகிறோம். இளையவள் வரிகளை வாசிக்கிறாள், நான் தமிழில் சொல்கிறேன், அக்கா அந்த வரி படத்தில் என்ன செய்கிறது என்று கையால் காற்றில் வரைந்து காட்டச் சொல்லுவார். வரைந்து காட்ட முடியாத வரியை அவர் ஏற்பதில்லை. "இது எதுக்கு இருக்குன்னே உனக்குத் தெரியல, பிறகு ஏன் வச்சிருக்க?" சில சமயம் அவர் கேட்பது சரியாகவே இருக்கிறது, அந்த வரியை நீக்கிய பிறகும் காக்கா பறக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் மூன்று வீட்டில் யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்பதில் ஒவ்வொரு வாரமும் ஒரு சண்டை உண்டு. போன வாரம் என் வீட்டில்.

மாதக் கடைசியில் அனுப்பும் பில்லில் இப்போது மூன்றாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: 'ஸ்கிரிப்ட் பழுது பார்த்தல், 9 மணி நேரம்'. அதற்கு நேரே 'டெக்னிக்கல்' விலையைப் போட்டோம். முதல் இரண்டு வரிகளுக்குப் பணம் வந்துவிட்டது. மூன்றாவதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அக்கா பதிலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார்.